கடைக்குப் போகும் முன் சுவரை அளந்து பாருங்கள்: டி.வி. வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

ஷோரூமில் கூரை உயரம், இடம் தாராளம், சுற்றிலும் 75 இன்ச்சும் 85 இன்ச்சும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே 55 இன்ச் டி.வி. சின்னப் பிள்ளை மாதிரி நிற்கும். வீட்டில் மாட்டிய பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும். அதனால் முதல் வேலையை இன்ச் டேப்பும் கையுமாக உங்கள் ஹாலிலேயே தொடங்குங்கள்.

டி.வி. வரப்போகும் சுவரிலிருந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் தலை இருக்கும் தூரம் வரை அளந்து, இன்ச்சில் எழுதிக்கொள்ளுங்கள். அதை 1.6 ஆல் வகுத்தால் உங்கள் ஹாலுக்கு ஏற்ற அளவு வரும். 6 அடி என்றால் 72 இன்ச், வகுத்தால் 45. ஆக 43 இன்ச் டி.வி. பொருந்தும். 7 அடிக்கு 52 வரும், 50 வாங்கலாம், 55 வாங்கலாம். 9 அடிக்கு 65. இது எச்.டி., 4கே படங்களைப் பார்ப்பவர்களுக்கான கணக்கு. வீட்டில் நாள் முழுக்க ஓடுவது சாதாரணக் கேபிள் சேனல்கள்தான் என்றால் ஒரு அளவு இறக்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறோம்.

டி.வி. அளவு என்று சொல்வது மூலைக்கு மூலை. 43 இன்ச் டி.வி.யின் அகலம் சுமார் 38 இன்ச், உயரம் 22. 55 இன்ச் என்றால் 48.5 அகலம், 28 உயரம். 65 இன்ச்சுக்கு 57, 33. டப்பா டி.வி. காலத்தில் சுவருக்குள் கட்டிய ஷோகேஸ் இருக்கும் வீடுகளில் இங்கேதான் சிக்கல். டி.வி. உள்ளே நுழைந்துவிட்டால் மட்டும் போதாது, சூடு வெளியேற நான்கு பக்கமும் 4 இன்ச்சாவது இடம் விட வேண்டும்.

பழைய நாளிதழ்களை ஒட்டி, வாங்க நினைக்கும் அளவுக்கு வெட்டி, செலோ டேப் போட்டு சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அந்தத் தாள்மேல் எந்த ஜன்னல் வெளிச்சம் விழுகிறது, வாசல் கதவு திறந்தால் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். நேர் எதிரே ஜன்னல் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பகலில் இருட்டுக் காட்சிகளில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். திரைச்சீலை போடுங்கள், இல்லாவிட்டால் சுவரை மாற்றுங்கள்.

உயரம்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பாகிப்போகிறது. மாட்ட வருகிறவர் நின்றுகொண்டு, தன் கண்ணுக்கு நேரே, 5 அடி உயரத்தில் துளை போட்டுவிடுவார். பார்ப்பது நிற்பவர் இல்லையே. சோபாவில் உட்கார்ந்தால் கண் சுமார் மூன்றரை அடியில் இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இரண்டரை அடி. திரையின் நடுப்பகுதி மூன்றேகால் அடியிலிருந்து மூன்றரை அடிக்குள் இருந்தால், சோபாவில் இருக்கும் தாத்தாவுக்கும் பாயில் படுத்திருக்கும் பேரனுக்கும் கழுத்து வலிக்காது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து மட்டுமா போகிறது, பல டி.வி.களில் கீழிருந்து பார்க்கும்போது நிறமும் வெளுத்துவிடும்.

எதை வாங்குவது

32 இன்ச்சில் இரண்டு வகை விற்கிறார்கள். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட எச்.டி. ரெடி ஒன்று, 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஃபுல் எச்.டி. இன்னொன்று. விலை வித்தியாசம் சிறிதென்றால் இரண்டாவதை எடுங்கள். 43 இன்ச்சும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள், ஃபுல் எச்.டி.யைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே தவிர வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி. என்று பெயர் எத்தனை இருந்தாலும் மூன்றும் ஒரே குடும்பம்: பின்னால் விளக்கு, முன்னால் எல்.சி.டி. திரை. கியூ.எல்.இ.டி.யில் நிறம் கூடும். மினி எல்.இ.டி.யில் பின்விளக்கு நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரிந்து அணைந்து எரிவதால் கறுப்பு கறுப்பாகத் தெரியும். ஓ.எல்.இ.டி. மட்டும் தனி ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். இருட்டறையில் படம் பார்க்க அதை அடிக்க ஆளில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு அது வேண்டாம். மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் லோகோவும் கீழே சிவப்புப் பட்டையும் நாளடைவில் திரையில் நிழலாகப் பதிந்துவிடும், அதை எடுக்க முடியாது.

எல்.சி.டி. திரையிலும் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு உண்டு. வி.ஏ.யில் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பக்கவாட்டிலும் நன்றாகத் தெரியும், இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்திருக்கும். நீள ஹாலில் எல்லோரும் நேரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு வி.ஏ.; சமையலறையிலிருந்து ஒரு கண், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு கண் என்று பார்க்கும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். பெட்டியில் இது எழுதியிருக்காது. கடையில் பக்கவாட்டில் நான்கு அடி நகர்ந்து நின்று பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படம்) என்ற எழுத்துக்கு ஏமாறாதீர்கள். அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் டி.வி. வேறு, அதைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் உள்ள டி.வி. வேறு. 250, 300 நிட்ஸ் வெளிச்சம் உள்ள மலிவு டி.வி.யில் எச்.டி.ஆர். படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. 600 நிட்ஸுக்கு மேல் போனால்தான் அந்த எழுத்துக்கு அர்த்தம். கேம் விளையாடுகிறவர்களும் கிரிக்கெட் வெறியர்களும் 120 ஹெர்ட்ஸ் பேனலா, அதாவது நொடிக்கு 120 முறை படத்தை மாற்றும் திரையா என்று கேளுங்கள். மோஷன் ரேட் என்று வேறு பெயரில் எழுதியிருக்கும் பெரிய எண்கள் விளம்பர எண்கள்.

செட்டாப் பாக்ஸ் போன்றவற்றைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளை மூன்று இருக்கட்டும், அதில் ஒன்றில் ஏ.ஆர்.சி. (டி.வி.யின் சத்தத்தை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கட்டும், பின்னாளில் சவுண்ட்பார் அங்கேதான் வரும். ரேம் 2 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. சேமிப்பு 8 ஜி.பி. என்றால் இரண்டே வருடத்தில் இடமில்லை என்று அழும், 16 எடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: படத்தை விவிட் முறையிலிருந்து சினிமா முறைக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணைப் பறிக்கும் அந்த நீலமும் பச்சையும் போனபிறகு எது நன்றாக இருக்கிறதோ அதுதான் நல்ல டி.வி. கையோடு ஒரு பென்டிரைவில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வகைப் படம் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கடையில் ஓடும் டெமோ வீடியோவில் எந்த டி.வி.யும் அழகுதான்.

விலை விஷயத்தில் ஒரு மாற்றம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி இவ்வளவு தள்ளுபடி என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஆடித் தள்ளுபடியில் வெளியே வருவதில் பல போன வருட மாடல்கள். அது குற்றமில்லை, விலை குறைந்தால் சரி. பின்பக்க ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டியில்லா தவணை என்றாலும் பிராசசிங் கட்டணமும் வட்டித் தொகைமேல் ஜி.எஸ்.டி.யும் கார்டு பில்லில் வந்து நிற்கும்.

வாரன்டியில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பேனலுக்கு எத்தனை வருடம்? போர்டு போனால் ஆயிரங்களில் முடியும். பேனல் போனால் கிட்டத்தட்ட புது டி.வி. விலை. உடைந்த திரைக்கு எந்த வாரன்டியும் கிடையாது.

கரன்ட்: டி.வி.யைக் கொல்வது இதுதான்

பெரும்பாலான டி.வி.களின் பின்னால் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். குறைந்த வோல்டேஜ் அதற்குப் பெரிய பிரச்சினை இல்லை. 160 வோல்டிலும் ஓடும். அதனால் ஊருக்கெல்லாம் ஸ்டெபிலைசர் கட்டாயமில்லை. வோல்டேஜ் அடிக்கடி 250, 260 என்று ஏறும் இடங்களில் மட்டும், ஹை கட்-ஆஃப் (வோல்டேஜ் எல்லை மீறினால் கரன்ட்டைத் துண்டிக்கும் வசதி) உள்ள ஸ்டெபிலைசராகப் பார்த்து வாங்குங்கள்.

உண்மையான எமன்கள் இரண்டு. முதலாவது நியூட்ரல் கட். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் மெயினிலோ கம்பத்திலோ, கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் தளர்ந்துவிட்டால், சில பிளக் பாயின்ட்களில் வோல்டேஜ் 350, 400 வரை ஏறும். டி.வி., செட்டாப் பாக்ஸ், மோடம் எல்லாம் ஒரே மூச்சில் போகும். ஒரு அறையில் லைட் மங்கி, இன்னொரு அறையில் பளீரென்று எரிந்தால் அதுதான் அடையாளம். யோசிக்காமல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கே ஒரு ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் போட்டுவிட்டால் டி.வி.யோடு ஃப்ரிட்ஜும் பிழைக்கும்.

இரண்டாவது இடி. ஐப்பசி, கார்த்திகையில் டி.வி. மெக்கானிக்குகளுக்கு ஓய்வே இருக்காது. மின்னலால் ஒயரில் பாயும் மின் அதிர்வு மைக்ரோ நொடியில் வந்து போகும். ஸ்டெபிலைசரின் ரிலே கண் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இப்படித் திடீரென்று பாயும் மின்சாரத்தை மடக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் உதவும், ஆனால் எர்த் சரியாக இருந்தால்தான். அதிகப்படி மின்சாரத்தை அது எர்த்தில்தான் கொட்ட வேண்டும், எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வொரு அடிக்கும் தேயும். ப்ரொடெக்ஷன் விளக்கு அணைந்துவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். எர்த் நன்றாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச்சொல்லிப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்டுக்குமேல் காட்டினால் ஏதோ கோளாறு.

இடி கேட்டதும் ரிமோட்டில் அணைப்பதால் பயனில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். கூடவே டிஷ் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் கழற்றுங்கள். பலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்; இடி மொட்டை மாடி டிஷ் வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் இறங்கி, எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டி.வி. போர்டைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். ஒரு எச்.டி.எம்.ஐ. மட்டும் திடீரென்று சிக்னல் இல்லை என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 55 இன்ச் எல்.இ.டி. சுமார் 110 வாட் இழுக்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் அதன் பங்கு 33 யூனிட்.

சுவரில் மாட்டுவது

பெட்டி வந்ததும் பிரிப்பதிலிருந்து ஆன் செய்வது வரை மொபைலில் வீடியோ எடுங்கள். திரையில் கீறலோ விரிசலோ இருந்தால் உங்கள் பேச்சைவிட அந்த வீடியோ பேசும். தூக்கும்போது இரண்டு பேர், நிமிர்த்தியபடி, ஓரச் சட்டத்தைப் பிடித்து. பிராக்கெட் பொருத்தக் குப்புறப் போட வேண்டுமென்றால் கட்டில் மெத்தையில் போடாதீர்கள். நடுவில் அமுங்கினால் பேனல் வளையும். சமதரையில் தடிமனான ஜமுக்காளம் விரித்துப் போடுங்கள்.

டி.வி.யின் முதுகில் நான்கு ஸ்க்ரூ துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளிதான் வெசா (VESA) அளவு. 200க்கு 200 மில்லிமீட்டர் என்றால் பிராக்கெட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஸ்க்ரூ நீளம் முக்கியம். கையால் திருகிப் பாதியில் நின்றால் ஸ்பேனரால் முறுக்கித் தள்ளாதீர்கள். நீளமான ஸ்க்ரூ உள்ளே பேனலின் முதுகைக் குத்திவிடும். வாஷர் போட்டு நீளத்தைக் குறையுங்கள்.

டிரில் போடும்போது தூளின் நிறத்தைப் பாருங்கள். முதலில் சாம்பல் தூள் வரும், அது பூச்சு. அரை இன்ச், முக்கால் இன்ச் போனதும் சிவப்பாக மாறினால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள், நல்லது. கடைசிவரை சாம்பலாகவே வந்து, டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் சாந்தில் போட்டிருக்கிறீர்கள். அங்கே ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, இரண்டு இன்ச் தள்ளிப் போடுங்கள். பிளக் முழுவதும் கல்லுக்குள் உட்கார வேண்டும், பூச்சு எந்த எடையையும் தாங்காது. துளையை ஊதித் தூளை எடுத்துவிட்டுத்தான் பிளக் அடிக்க வேண்டும். 55 இன்ச்சுக்கு 10 மில்லிமீட்டர் பிளக் குறைந்தது நான்கு வேண்டும். ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் சுவர்களுக்கு அதற்கென்று தனி ஆங்கர் உண்டு, சாதாரண பிளக் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும். ஜிப்சம் போர்டு என்றால் பின்னால் பிளைவுட் அடித்திருக்க வேண்டும்.

சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் போகும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், மழைக்கு ஓதம் காக்கும் சுவர் இரண்டும் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் ஒயர் கொண்டுபோகப் பைப் பதிக்கிறீர்கள் என்றால் ஒன்றரை இன்ச் பைப் போடுங்கள். முக்கால் இன்ச்சில் எச்.டி.எம்.ஐ. தலை நுழையாது. மாட்டுவதற்கு முன்பே எல்லா ஒயரையும் செருகிவிடுங்கள். மாட்டிய பின் அந்த ஒரு இன்ச் இடுக்கில் விரல் போகாது.

முதல் நாள் செட்டிங்

ஆன் செய்ததும் வீடா, கடையா என்று கேட்கும். வீடு என்று சொல்லுங்கள். படமுறை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர். நிறச்சூடு வார்ம். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் பழைய நீலத்தைப் பார்க்கச் சகிக்காது. ஷார்ப்னெஸை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறக்குங்கள். சினிமாவெல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு தெரிந்தால் மோஷன் ஸ்மூத்திங் ஓடுகிறது, அதை அணையுங்கள். பேக்லைட்டை 100இல் விடாதீர்கள். இரவில் 50, 60 போதும். முழு வெளிச்சத்தில் ஓடும் டி.வி.யில்தான் பின்விளக்குப் பட்டைகள் சீக்கிரம் சாகின்றன.

இனி அந்தக் கேபிள் சேனல் விஷயம். சாதாரண எஸ்.டி. சேனல் 720க்கு 576 புள்ளிகளில் வருகிறது, மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள், சரியாக 20 மடங்கு. ஆக, நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு 20 புள்ளியிலும் 19ஐ டி.வி. தானாக ஊகித்துப் போடுகிறது. முகம் மெழுகுபோல் தெரிவதில் ஆச்சரியமென்ன? இலவச கலர் டி.வி.யின் 14 இன்ச் திரையில் அதே சேனல் நன்றாகத்தான் இருந்தது. எச்.டி. செட்டாப் பாக்ஸுக்கு மாறுங்கள். மாறினவர்களிலும் சிலர் பழைய சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஒயரையே செருகி வைத்திருப்பார்கள், அதில் எச்.டி. வராது. எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டு, பாக்ஸின் செட்டிங்கில் 1080 என்று மாற்றுங்கள். எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் பழைய 4:3 படத்தை டி.வி. அகலமாக இழுக்கிறது, பட அளவை ஒரிஜினலுக்கு மாற்றினால் இளைத்துவிடுவார்கள்.

துடைப்பதும் பழுதும்

திரையின் கீழ் விளிம்புக்குள், ஒட்டி வைத்த மெல்லிய ரிப்பன் இணைப்புகள் இருக்கின்றன. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயைத் திரையில் நேரே அடித்தால், வழியும் நீர் சட்டத்துக்குள் இறங்கி அந்த ஒட்டை அரிக்கும். சில வாரம் கழித்து மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும், பிறகு பத்து. துடைத்ததற்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது. மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, டி.வி. அணைந்து ஆறிய பிறகு துடைப்பதுதான் முறை. ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டை ஸ்டாண்டுக்கு வையுங்கள், திரைக்கு வேண்டாம். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டுவதில் போன திரைகள் உண்டு.

பல்லியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டி.வி.க்கு மேலே டியூப் லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், இதமான சூட்டுக்கு அது பின்பக்கத் துளை வழியே உள்ளே போகும். பவர் போர்டில் குறுக்கே படுத்தால் இரண்டும் போயிற்று. காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைக்கக் கூடாது. விளக்கை இடம் மாற்றுங்கள், சுவரில் ஒயர் வரும் ஓட்டையை அடையுங்கள்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி மொபைல் டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது பின்விளக்கு மட்டும். எல்.இ.டி. பட்டை மாற்றினால் சரியாகிவிடும். பேனல் போச்சு, புதுசு வாங்குங்கள் என்று சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதன் முன்முனையை மொபைல் கேமரா வழியாகப் பார்த்து பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுக்கினால் ரிமோட் நல்லது. புளூடூத் ரிமோட்டுக்கு இந்த வித்தை செல்லாது, டி.வி.யோடு மறுபடி இணைக்க வேண்டும்.

நான்கைந்து வருடத்தில் ஆப்கள் திணறும், சில திறக்கவே மறுக்கும். படம் நன்றாகத் தெரிகிற டி.வி.யை அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். சில ஆயிரத்தில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்த அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள். வீடு மாறும் நாளில் மெத்தைக்கும் பீரோவுக்கும் நடுவே சொருகி வந்து உடைகிற திரைகள்தான் அதிகம்.